ஆளுக்கொரு குழாய்

ஒன்பது பேருக்கும் தொண்ணூற்று நாலு. நேற்றும் தொண்ணூற்று நாலு. முந்தாநாளும் அதே.

அஞ்சுகம் திரையை இரண்டு தடவை பார்த்தாள். மூன்றாம் கேட்டில் காலை ஷிப்டுக்கு வந்து நின்ற துலுக்காணம் மேஸ்திரியின் செட்டு அது. ஆளுக்கு ஆள் மார்பில் ஒட்டியிருக்கும் மூச்சுப்பட்டை, நுரையீரல் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று நூற்றுக்கு ஒரு எண் போட்டு அனுப்பும். அறுபதுக்குக் கீழே இறங்கினால் கேட்டு திறக்கக் கூடாது. அந்தச் செட்டில் அவளுடைய அண்ணன் ஏகாம்பரமும் இருந்தான். அவன் இருமுவது கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கி வெளியே எறிந்துவிடப் பார்க்கிறவன் மாதிரி இருமினான். காறி, சுவரோரம் துப்பி, அதை உள்ளங்காலால் தேய்த்தான். பிறகு தொண்ணூற்று நாலு மார்க் வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.

அந்த ஊரின் அத்தனை தோல் ஷெட்டுகளும் கழுவி விடுகிற தண்ணீர் நீலவாணி கழிவு ஆலைக்குத்தான் வந்து சேரும். தோலிலிருந்து சுரண்டிய சவ்வு, முடி, சுண்ணாம்பு, குரோம், ஆட்டுக் குடலில் மிச்சமிருந்த சாணி எல்லாம் கலந்து பன்னிரண்டு மூடிய தொட்டிகளில் கூழாகி அடியில் உறையும். அதை அள்ள இயந்திரம் வாங்கினார்கள். ஆறு மாதத்தில் அமிலம் அதன் முழங்கையைத் தின்றுவிட்டது. இன்னொன்று வாங்கினார்கள், அதையும் தின்றது. மூன்றாவது தடவை யாரோ ஒரு புத்திசாலி, மனுஷத் தோல் இரும்பைவிட நன்றாகத் தாங்குகிறது, தானே வளர்ந்தும் கொள்கிறது என்று கண்டுபிடித்தான். அன்றிலிருந்து ஆட்கள் இறங்குகிறார்கள். இறக்குவது சட்டப்படி குற்றம் என்பதால் மூச்சுப்பட்டையைக் கொண்டுவந்தார்கள். பட்டை வந்ததும் குற்றம் பாதுகாப்பாக மாறிவிட்டது.

அஞ்சுகம் அந்தத் தொட்டிகளுக்குப் பின்னால் இருக்கும் லைன் வீடுகளில் பிறந்தவள். அவள் அம்மா சவ்வு சுரண்டியவள். கைவிரல் நகம் பத்தும் உதிர்ந்த பிறகும் சுரண்டினாள். மகள் கம்ப்யூட்டர் படித்து அதே ஆலையின் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தபோது லைனில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தவன் ஏகாம்பரம். கேட்டுகளைத் திறந்து மூடுகிற கம்ப்யூட்டர் கட்டளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவளுக்கு வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது.

கட்டளைகளைத் திறந்து பார்த்தாள். நாலே வரி. எழுந்து நேராக மேலாளர் அறைக்கு நடந்தாள்.

மேலாளர் நிரஞ்சனின் அறையில் ஆரஞ்சுப் பழ வாசனை அடித்துக்கொண்டே இருக்கும். அதற்கென்று மூலையில் ஒரு பெட்டி புகை விட்டது. அந்த வாசனைக்கு அடியில் தொட்டி நாற்றமும் இருந்தது. இரண்டும் சேர்ந்தால் அழுகிய பழத்தைப் பிணத்தின் மேல் பிழிந்த மாதிரி இருக்கும்.

"சார், செட்டுல இருக்கிற எல்லாருக்கும் ஒரே எண் வருது. பட்டியல்ல முதல் ஆளோட எண்."

"அப்படியா?" என்றான் நிரஞ்சன். முகத்தில் ஆச்சரியம் ஒரு துளி இல்லை.

"ஒரு கட்டளை மூச்சைப் படிக்குது. அது கக்கறத அடுத்த கட்டளை குழாய்ல வாங்கி மேல் வரியை மட்டும் எடுக்குது. அதுக்கடுத்தது கேட்டைத் திறக்குது. இந்தக் குழாயை ஆளுக்கு ஒண்ணா வெச்சிருக்கணும். மொத்தப் பட்டியலுக்கும் ஒரே குழாயா வெச்சிருக்காங்க. ஒன்பது பேர் மூச்சும் அதுல போவுது, முதல் ஆளோடது மட்டும் வெளிய வருது."

"நாலு வருஷமா இப்படித்தான் ஓடுது."

"தப்பா ஓடுது சார்."

"ஓடுது இல்ல?" அவன் சிரித்தான். "கண்டுபிடிச்சது நல்லது. கெட்டிக்காரி. ஆனா இப்ப தொடாத. சமயம் பார்த்துச் செய்வோம்."

தெரிந்தே விட்டிருக்கிறான். வெளியே வந்து தண்ணீர்த் தொட்டியில் முகத்தைக் கழுவினாள். தண்ணீரிலும் அதே நாற்றம்.

மதியச் சோற்று நேரத்தில் டீக்கடைக்குப் போனாள். செட்டு முழுக்க வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தது. எத்தனை தேய்த்துக் குளித்தாலும் முழங்கைக்குக் கீழே அவர்களுக்குப் பச்சை போகாது. துலுக்காணம் மேஸ்திரி, அறுபதை நெருங்கிய ஆள், டீயை முதலில் ஒரு பெண்ணிடம் நீட்டினார். கூடவே இரண்டு பன்.

"இன்னா மேஸ்திரி, அவளுக்கு மட்டும் ராஜ உபசாரம்?" என்றாள் அஞ்சுகம்.

"அவ மார்புல சளி கட்டுனா ஒன்பது வூட்டு அடுப்பும் அணைஞ்சிடும்மே" என்றார் துலுக்காணம். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தப் பெண் பன்னை டீயில் நனைத்துக்கொண்டே, "என் பேரு வேண்டா, அக்கா" என்றாள். "அஞ்சாவதும் பொட்டையாப் போச்சேன்னு எங்கப்பன் வெச்ச பேரு. இப்ப வந்து பாக்கச் சொல்லு. மூணு மேஸ்திரிங்க நான்தான் வேணும்னு அடிச்சிக்கினு சாவறாங்க."

அது புரிய அஞ்சுகத்துக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம?" என்றான் ஏகாம்பரம். "எங்க செட்டு வஜ்ஜிரம் ரத்தமா கக்கினான். மறுநாள் கேட்டு அவனைப் பச்சை லைட்டு போட்டு உள்ள வுட்டுச்சு. அவனுக்கு முன்னால நின்னது யாரு, வேண்டா. சரி, இன்னொரு நாள் வஜ்ஜிரத்தை முன்னால நிறுத்திப் பார்த்தோம். ஒன்பது பேருக்கும் சிவப்பு. அதோட புரிஞ்சிபோச்சு. உனக்குக் காலேஜுல நாலு வருஷம் சொல்லிக் குடுத்தாங்களே, அத்த நாங்க நாலு நாள்ல கத்துக்கினோம்."

"அவளைத் தொட்டிக்குள்ள வுடறதில்ல" என்றார் துலுக்காணம். "மேல நின்னு கயிறு புடிப்பா. மூச்சு சுத்தமா இருக்கணும் இல்ல?"

"அண்ணா, இது ஒன்பது பேர் ரத்தத்தையும் ஒரே வாளியில ஊத்தி, மேல ஒரு கரண்டி மொண்டு பார்த்துட்டு எல்லாருக்கும் நோய் இல்லேன்னு சொல்ற மாதிரி. புரியுதா?"

"எனக்கு என் பொண்ணுங்க ரெண்டு பேர் இஸ்கூலுக்குப் போறது புரியுது."

அவள் அவனைத் தனியாக மரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். காலையிலேயே அவன் பட்டையை மட்டும் தனியாக ஓட்டிப் பார்த்திருந்தாள். "உன்னோடது நாப்பத்தொண்ணு."

"என் வயசு" என்றான் ஏகாம்பரம். சிரிக்கப் பார்த்தான், இருமல் வந்து சிரிப்பை விழுங்கிவிட்டது. துண்டை வாயில் பொத்திக்கொண்டான். எடுத்தபோது அதில் பாசி நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. மடித்து மறைத்தான்.

"இன்னும் ரெண்டு மாசம் இறங்குனா செத்துப்போவ அண்ணா."

"கேட்டு தொறக்கலேன்னா ரெண்டே வாரம். கைய வெச்சிக்கினு சும்மா இரு பாப்பா. உன்னக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன்."

அவள் சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது, அண்ணி துவைக்கப் போட்டிருந்த துண்டுகளைப் பார்த்துவிட்டாள். ஏழு துண்டு. ஏழிலும் அந்தப் பாசி. அண்ணி சவுக்காரத்தை எடுத்து முழங்கை வரை நுரை கட்டத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அங்கிருந்து நேராக ஆலைக்கு வந்து அஞ்சுகம் கட்டளையைத் திருத்தினாள். பெரிய வேலை ஒன்றுமில்லை. பட்டியலை ஒரு சுற்றுக்குள் போட்டு, மொத்தக் குழாயையும் அந்தச் சுற்றுக்குள் தள்ள வேண்டும். ஒரு பெயரை எடு, அந்த ஆளின் மூச்சைப் படி, வடிகட்டு, முடிவு சொல்லு. அடுத்த பெயரை எடு. ஆளுக்கொரு குழாய். ஒருத்தர் மூச்சு இன்னொருத்தர் கணக்கில் கலக்காது.

இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்களுக்கு ஓட்டிப் பார்த்தாள். நூற்று நாற்பத்து மூன்று பேர் அறுபதுக்குக் கீழே. நாலு பேர் இருபதுக்கும் கீழே. அவர்கள் நடமாடுவதே அதிசயம். அந்தப் பெயர்களை எல்லாம் அவளுக்குத் தெரியும். ஒருத்தி அவளுக்குக் காது குத்தினவள்.

திங்கள் விடிந்ததும் அந்தப் பட்டியலோடு நிரஞ்சன் முன்னால் போய் நின்றாள். கத்துவான் என்று எதிர்பார்த்தாள். வேலை போகும் என்று தயாராகத்தான் வந்திருந்தாள்.

அவன் நிதானமாகப் படித்தான். "பிரமாதம்" என்றான்.

"சார்?"

"ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி எண். இதுதான் எங்ககிட்ட இல்லாம இருந்தது. நூத்து நாப்பத்து மூணு பேரை வீட்டுக்கு அனுப்பினா பட்டினி கிடப்பாங்க. நாம அப்படிப்பட்ட ஆளுங்களா?" மேசைமேல் இருந்த விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, குழாயின் வாலில் இரண்டு கட்டளைகளைச் சேர்த்தான். கைக்கு ஏற்கெனவே பழக்கமான வரிகள் போல விரல்கள் ஓடின. "பாரு. கேட்டு எல்லாருக்கும் திறக்கும். ஆனா அந்த ஆளோட மார்பு இன்னிக்கு எத்தனை நிமிஷம் தாங்கும்னு கணக்குப் போட்டுக் கொடுக்கும். தொண்ணூறு இருக்கிறவனுக்கு மூணு மணி நேரம். நாப்பது இருக்கிறவனுக்கு, உங்க அண்ணன் நாப்பத்தொண்ணு இல்ல, பதினோரு நிமிஷம். நிமிஷம் முடிஞ்சா பட்டை அதிரும், வெளிய வந்துடணும். யாரும் சாக மாட்டாங்க. யாரும் பட்டினியும் கிடக்க மாட்டாங்க."

நாள் முழுக்க மூழ்கிக் கிடந்த இடத்தில் பதினோரு நிமிஷம்! அவளை அறியாமல் தோள் இறங்கிற்று. அந்த ஆளை வெறுத்ததற்காகக் கொஞ்சம் வெட்கம்கூட வந்தது.

"ஒரு தொட்டிக்கு ஒரு நேரத்துல ஒரு ஆள்தான்" என்றான் நிரஞ்சன். "ரெண்டு பேர் இறங்கினா கிளறல் அதிகமாகி வாயு ஏறும், கணக்கு கெட்டுடும். நீ பண்ணினபடிதான். தனித்தனி."

"சரி சார்" என்றாள் அஞ்சுகம்.

கயிற்றுக்காரி மகளாக இல்லாவிட்டாலும், கயிறு தொங்கும் வீட்டில் வளர்ந்தவள் அவள். ஒரு ஆள் இறங்கினால் மேலே இன்னொரு ஆள் கயிற்றைப் பிடித்து நிற்க வேண்டும் என்பது லைனில் பேசத் தெரியாத குழந்தைக்கும் தெரியும். ஒரு தடவை சுண்டினால் போதும் என்று அர்த்தம், இரண்டு தடவை சுண்டினால் தூக்கு என்று அர்த்தம், சுண்டலே வரவில்லையென்றால் கேட்காமல் தூக்கு என்று அர்த்தம். அது அவளுக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. அவள் முன்னால் இருந்தது பட்டியல். பட்டியலில் கயிறு கிடையாது.

கேட்டு ஒவ்வொருத்தருக்கும் பச்சை போட்டு, உள்ளே போக வேண்டிய நேரத்தையும் தொட்டியையும் காட்டியது. யார் முன்னால் நின்றாலும் பின்னால் நின்றாலும் பச்சை. வெளியே விசில் அடித்தார்கள். துலுக்காணம் கண்ணாடிக்கு எதிரே வந்து இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். ஏகாம்பரம் பதினோரு விரலைக் காட்டுவதற்காகப் பத்து விரலை விரித்துவிட்டு, பக்கத்தில் நின்ற வேண்டாவின் ஒரு விரலைப் பிடித்துச் சேர்த்துக் காட்டினான். அவள் சிரித்துவிட்டாள்.

செட்டு என்ற வார்த்தை அன்று காலையோடு திரையிலிருந்து போய்விட்டது. துலுக்காணத்துக்குப் பதினொன்று ஐந்துக்கு இரண்டாம் தொட்டி. வேண்டாவுக்கு அப்போதே பத்தாம் தொட்டி, மூன்று மணி நேரம். நல்ல மூச்சு இருப்பவள் அவள்தானே, அவளைத்தான் அதிக நேரம் உள்ளே போட்டது. அதுவரை தொட்டிக்குள் கால் வைக்காதவள் கையைப் பிசைந்துகொண்டு போனாள். ஏகாம்பரத்துக்குப் பத்து நாற்பதுக்கு ஆறாம் தொட்டி.

பத்து ஐம்பதுக்கு அவன் வரியில் எண் காணாமல் போனது.

சைபர் இல்லை. எண்ணே இல்லை. பட்டை ஒன்றும் அனுப்பவில்லை. முதல் கட்டளை வெறுங்கையை விரித்தது. இரண்டாவது கட்டளை அந்த வெறுமையை வாங்கி மூன்றாவதுக்குத் தந்தது. கடைசிக் கட்டளைக்கு மூச்சைப் பற்றி அக்கறையே கிடையாது, அது பார்ப்பது கடிகாரத்தை. பத்து ஐம்பத்தொன்று ஆனதும் அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. 'ஏகாம்பரம் - முடிந்தது.' குழாயில் எது எங்கே உடைந்தாலும் கடைசிக் கட்டளை சரி என்று சொன்னால் மொத்தமும் சரி. அது அவள் முதல் வருஷத்தில் படித்த பாடம். சுற்று அடுத்த பெயருக்குப் போய்விட்டது.

அவள் அதை உட்கார்ந்து பார்க்கவில்லை. எண் போன அந்த நொடியிலேயே எழுந்து ஓடிவிட்டாள். 'முடிந்தது' என்ற வார்த்தை, கையில் பிடித்திருந்த சின்னத் திரையில் அவளோடு ஓடிவந்து சேர்ந்தது.

மூன்றாம் கேட்டில் துலுக்காணம் குத்துக்காலிட்டுத் தன் முறைக்குக் காத்திருந்தார். தோளில் கயிறு. யாரும் கொண்டுவரச் சொல்லவில்லை. இருபத்தைந்து வருஷப் பழக்கம், சட்டை போடுகிற மாதிரி போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"அண்ணன் மூச்சு வரல மேஸ்திரி!"

அவர் கேட்டை நோக்கிப் பாய்ந்தார். சிவப்பு. அவருக்கு இன்னும் நேரம் வரவில்லை. "தொறடி!" என்று கத்தினார். "நீதானே எஜமானி, தொறடி!"

இங்கிருந்து நேராகத் திறக்க வழியில்லை. கேட்டு பட்டையை மட்டும்தான் மதிக்கும். அவள் சுவரில் இருந்த பெட்டியைத் திறந்து ஒரு புதுப் பட்டையை எடுத்து ஜாக்கெட்டுக்குள் விட்டு மார்பில் ஒட்டிக்கொண்டாள். கையில் இருந்த திரையில் பட்டியலின் அடியில் தன் பெயரை அடித்தாள். சுற்று அவளையும் எடுத்துக்கொண்டது. அவள் எழுதிய குழாய் அவள் மூச்சைப் படித்தது, வடிகட்டியது, கணக்குப் போட்டது.

'அஞ்சுகம் - ஐம்பத்தெட்டு - இருபத்தாறு நிமிடம் - தொட்டி ஒன்பது.'

ஐம்பத்தெட்டு. தொட்டிக்குள் ஒரு நாள்கூட இறங்காதவள் அவள். லைன் வீட்டுக் காற்றிலேயே பாதி போயிருந்தது. அதைப் பற்றி நினைக்க நேரமில்லை. கேட்டு திறந்ததும் அவள் நுழைந்து, மூடப்போன கதவுக்கு இடையில் முதுகைக் கொடுத்து நின்றாள். இரும்பு எலும்பைக் கடித்தது. மணி அலறியது. துலுக்காணம் அவள் கைக்கு அடியில் குனிந்து உள்ளே புகுந்தார்.

ஆறாம் தொட்டியின் மூடி திறந்து கிடந்தது. கிட்டே போகப் போக அழுகல் முட்டை நாற்றம் மூக்கைக் குத்தியது. வாய்க்கு அருகே போனதும் நாற்றம் நின்றுவிட்டது. "நாத்தம் நின்னுடுச்சி, தலைய நீட்டாத!" என்று துலுக்காணம் அவள் தலைமயிரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். வாயு அதிகமானால் மூக்கைத்தான் முதலில் கொல்லும். அவர் துண்டை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு, தன் இடுப்பில் கயிற்றை முடிந்து, மறுமுனையை அவளிடம் வீசிவிட்டு இறங்கினார். அவள் பிடித்தாள். கீழே அவர் கயிற்றை அவிழ்த்து அண்ணன் மார்பில் முடிந்து, ஏணியிலிருந்து முட்டுக் கொடுத்தார்; கயிறு இரண்டு தடவை சுண்டியது. இழுத்தாள். உள்ளங்கைத் தோல் உரிந்து கயிற்றோடு போயிற்று.

ஏகாம்பரம் கூழுக்குள் இடுப்பளவில் உட்கார்ந்தபடி இருந்தானாம். ஏணிக்கு இரண்டு முழம்தான் தூரம். வெளியே வந்தபோது அவன் வாய், மூக்கு, காது எல்லாவற்றிலும் சவ்வும் முடியும் அடைந்திருந்தது. எந்த ஆட்டின் முடியோ. அவள் விரலை விட்டுத் தோண்டித் தோண்டி எடுத்தாள், எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. மார்பில் இருந்த பட்டையை அமிலம் தின்று பாதி உரிந்திருந்தது. அது இன்னும் நிமிஷம் முடிந்ததற்காக விட்டு விட்டு அதிர்ந்துகொண்டிருந்தது.

பெரியாஸ்பத்திரியில் பிணத்தைத் தர மறுத்துவிட்டார்கள். எங்கே செத்தான் என்று ஆலை எழுதித் தர வேண்டுமாம். ஆலையோ, ஏகாம்பரம் பத்து ஐம்பத்தொன்றுக்கு வேலை முடித்துவிட்டார், அதற்குப் பிறகு நடந்ததற்கு எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று எழுதிக் கொடுத்தது. சாட்சி சொல்லத் துலுக்காணம் போனார். பதிவைப் பார்த்துவிட்டு, அந்த நேரத்தில் நீ கேட்டுக்குள்ளேயே போகவில்லையே பெரியவரே என்றார்கள். அஞ்சுகம் போனாள். நீங்கள் ஒன்பதாம் தொட்டியில் அல்லவா இருந்தீர்கள் என்றார்கள். அண்ணி சவக்கிடங்கு வாசலில் உட்கார்ந்து, உள்ளே போகிறவர் வருகிறவர் காலையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இரண்டு பெண்களும் பள்ளிக்கூட உடையிலேயே இருந்தார்கள்.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு நிரஞ்சன் அஞ்சுகத்தைக் கூப்பிட்டனுப்பினான். ஆரஞ்சு வாசனை. அவள் உள்ளங்கையில் கட்டு.

"ரொம்ப வருத்தம்" என்றான். நிஜமாகவே முகம் வாடியிருந்தது. "உட்காரு."

அவள் நின்றாள்.

"பட்டியலைப் பார்த்தியா? தினமும் காலை ஆறு மணிக்குத் தலை எண்ணும். நேத்து இருநூத்துப் பன்னிரண்டுன்னா இன்னிக்கும் இருநூத்துப் பன்னிரண்டு வரணும். ஒண்ணு குறைஞ்சா காரணம் எழுதணும். வேலையை விட்டுட்டான்னு எழுத அவனே வந்து மூச்சு வைக்கணும். காரணமே இல்லாம குறைஞ்சா பன்னிரண்டு தொட்டியும் பூட்டிக்கும், ஆய்வு அதிகாரிங்களுக்குத் தானா தகவல் போயிடும். அப்படி ஒரு சட்டம்." அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான். "நேத்து சாயங்காலம் மூச்சோட வெளியே வந்த பட்டைகளை வெச்சு இன்னிக்குப் பட்டியல் தானா உருவாகியிருக்கு. எத்தனை பேர் தெரியுமா?"

இருநூற்றுப் பன்னிரண்டு. அவள் கடைசி வரியைப் பார்த்தாள். அவளுடைய பெயர். அண்ணனிடம் போய்ச் சேர அவள் அடித்த பெயர், அண்ணன் இல்லாத இடத்தில் போய்க் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. யாரும் குறையவில்லை. அவன் செத்ததையே அவள் மறைத்துவிட்டிருந்தாள்.

"உன் பேரு அப்படியே இருக்கட்டும்" என்றான் நிரஞ்சன் மெதுவாக. "தொட்டிப் பக்கம் நீ போக வேணாம், அதை நான் பார்த்துக்கறேன். பேர் மட்டும் இருந்தா போதும். அண்ணிக்கு இங்கயே ஒரு வேலை போட்டுத் தர்றேன். பெருக்கற வேலைதான், உள்ள இறங்க வேணாம். நீயும் யோசி. ஆலை நின்னா இருநூத்துப் பதினோரு பேர் வயித்துல அடிச்ச பாவம் யாருக்கு?"

அவன் அதைத் திட்டம் போட்டுச் சொன்னானா, நம்பித்தான் சொன்னானா என்று அவளுக்குத் தெரியவில்லை. நம்பிச் சொன்னது போலத்தான் இருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அதைவிட, ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, அண்ணிக்குப் பெருக்குகிற வேலை பரவாயில்லை என்று தன் மனசு கணக்குப் போட்டதுதான் இன்னும் பொறுக்கவில்லை.

தன் அறைக்குப் போனாள். ஐந்து ஐம்பத்தாறு. கண்ணாடிக்கு வெளியே முதல் ஷிப்டு வந்து சேர்ந்துகொண்டிருந்தது. வேண்டா ஓர் ஓரத்தில் குனிந்து இருமினாள். ஒரே நாள் மூன்று மணி நேரம், அதற்கே.

அஞ்சுகம் தன் பெயரை அழித்தாள். பட்டியலைத் திறக்கும் கடவுச்சொல்லையும் யாருக்கும் தெரியாத ஒன்றாக மாற்றினாள். ஆறு மணி ஆனது. இருநூற்றுப் பதினொன்று. குழாய் வைக்கத் தேவையே இல்லாத ஒரு கழித்தல். பன்னிரண்டு தொட்டியும், மூன்று கேட்டும் சிவப்பாயின. எங்கோ ஒரு மணி விடாமல் அடித்தது. நிரஞ்சன் நடைபாதையில் செருப்பில்லாமல் ஓடிவருவது கேட்டது.

அவன் வருவதற்குள் அவள் வெளியே இறங்கிவிட்டாள்.

"இன்னாடி பண்ணிக்கீற?" என்று ஒருத்தி பிடித்துக்கொண்டாள், காது குத்தினவள்தான். "உங்கண்ணன் போனா எங்க குடியக் கெடுப்பியா? கண்ணாடி ரூம்புல குந்திக்கினு பட்டனைத் தட்டறவளுக்கு வவுத்தெரிச்சல் இன்னாத் தெரியும்?" பின்னால் நின்றவர்கள் இன்னும் மோசமாகத் திட்டினார்கள். அம்மாவை இழுத்தார்கள். யாரோ முதுகில் குத்தினான். அவர்கள் சொல்வதில் பொய் எதுவும் இல்லை.

துலுக்காணம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கண் சிவந்திருந்தது, வாயு பட்ட சிவப்பு. சிவப்பு விளக்குகளை அண்ணாந்து பார்த்தார்.

"எத்தினி நாளு மூடுவாங்க?"

"தெரியல மேஸ்திரி."

"அதிகாரிங்க வருவாங்களா?"

"வந்துதான் ஆவணும். ஒரு ஆள் எங்கன்னு கேட்டுத்தான் ஆவணும்."

அவர் காறித் துப்பினார். அந்தப் பச்சையை இருவரும் பார்த்தார்கள்.

"அப்ப பொணத்தக் குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க" என்றாள் அஞ்சுகம்.

"நட" என்றார் துலுக்காணம். "ராத்திரியிலேர்ந்து உங்கண்ணி பச்சத் தண்ணி குடிக்கல."